ஆர்ச்லூட் ஒன்றும் சின்ன தியார்போ இல்லை

பழைய ஐரோப்பிய வாத்தியங்களின் படம் எங்காவது வந்தால், நீளமான கழுத்து தெரிந்த உடனே எல்லாரும் "தியார்போ!" என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஆர்ச்லூட் இருந்தால் அதற்குக் கிடைக்கும் பட்டம் "சின்ன தியார்போ". எனக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு, அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிவு. இரண்டும் லூட் என்ற, விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தின் குடும்பம், இரண்டுக்கும் பேரிக்காய் வடிவக் குடம், இரண்டுக்கும் தந்தியை முறுக்கும் பிரடைகளுக்கு இரண்டு பெட்டிகள், இரண்டிலும் பாதித் தந்திகள் மெட்டுகளை (விரல் வைத்து அழுத்தும் குறுக்குக் கட்டுகளை) தொடாமல் வெளியே ஓடுகின்றன, எல்லாம் சரி. ஆனால் ஒன்று பாடகருக்குப் பின்னால் உட்கார்வதற்காகவே பிறந்தது. இன்னொன்று லூட்டாகவே இருந்துகொண்டு அந்த வேலையையும் செய்யப் பார்த்தது. ஆர்ச்லூட் கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

முதலில் அந்தக் கழுத்து. பார்ப்பதற்கு ஜம்பமாக இருக்கிறது, ஆனால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லூட்டுக்குத் தந்தி என்றால் ஆட்டுக்குடல் நரம்புதான். நம் வீணையில் மேல் தந்திக்கு எஃகு, கீழ்த் தந்திக்குப் பித்தளை என்று உலோகத்தை மாற்றிக்கொள்ளலாம். லூட்காரருக்கு அந்த வசதி இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே சரக்கு. தந்தியின் நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) கீழே போக வேண்டும் என்றால் தந்தி நாலு மடங்கு கனக்க வேண்டும், அதாவது குறுக்களவு இரண்டு மடங்காக வேண்டும். நரம்பு தடித்தால் விறைத்துப் போகும். விறைத்த நரம்பு 'தொப்' என்று அடங்கிவிடும். ஓசை நீடிக்கிற கார்வையும் இருக்காது, சுருதியும் தெளிவாகக் கேட்காது. கீழே போகப் போக ஒவ்வொரு தந்தியோடும் ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு மெல்லிய தந்தியை ஜோடி சேர்த்து இந்தக் குறையை மறைத்துப் பார்த்தார்கள். ஓரளவுக்குத்தான் மறைந்தது.

இந்த நாலு மடங்குக் கணக்கை 1580-களில் சோதித்துப் பார்த்து எழுதியவர் வின்சென்ஸோ கலிலேய். ஆமாம், தொலைநோக்கி கலிலியோவின் அப்பா. அவரே லூட் வாசிப்பவர், ஃப்ளாரன்ஸில் இசைக் கோட்பாடு எழுதிச் சண்டை போட்டவர். ஸ்தாயி என்றால் 2:1 என்று எல்லாரும் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீளத்துக்கு அது சரி, தந்தியில் எடையைத் தொங்கவிட்டு இழுத்தால் 4:1 வேண்டும் என்று காட்டினார். மகன் கலிலியோவும் லூட் வாசிப்பார். இன்னொரு மகன் மிக்கேலாஞ்ஜெலோ தொழில்முறை லூட் கலைஞராகி 1620-ல் ம்யூனிக்கில் தன் புத்தகத்தை அச்சிட்டார். அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நரம்பைத் தடிமனாக்க முடியாது, அதிகமாக இழுத்தால் அறுந்துவிடும். மீதி இருப்பது நீளம் ஒன்றுதான். நீளத்தை இரட்டித்தால் அதே மெல்லிய நரம்பு அதே இழுவிசையில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், கார்வையோடு ஒலிக்கும். நீளக் கழுத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

இதைப் பெரிய அளவில் செய்தது தியார்போ. அப்போது அதை கித்தரோனே என்றும் சொன்னார்கள். 1589-ல் ஃப்ளாரன்ஸில் மெடிச்சி குடும்பத் திருமணத்தை ஒட்டி நடந்த பிரம்மாண்டமான மேடைக் கொண்டாட்டத்தில் கித்தரோனே வாசிக்கப்பட்டது. அங்கே அந்தக் காலத்தில் ஒரு புது மோகம் கிளம்பியிருந்தது: பல குரல்கள் பின்னிப் பிணைவதை விட்டுவிட்டு, ஒரே ஒருவர் வார்த்தை புரியும்படி பாட வேண்டும், கூட ஒரு வாத்தியம் அடக்கமாகத் தாங்க வேண்டும். 1602-ல் தன் பாடல்களை வெளியிட்ட பாடகரும் இசையமைப்பாளருமான கச்சினி, அதன் முன்னுரையில் குரலுக்கு, அதிலும் டெனர் குரலுக்கு, கித்தரோனேதான் பொருத்தம் என்று எழுதிவைத்தார். ஓபரா பிறந்துகொண்டிருந்த நேரம் அது, ஆகவே தியார்போவுக்கு யோகம்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தியார்போவில் மெட்டுள்ள பகுதியே 80, 90 சென்டிமீட்டர் இருக்கும். அவ்வளவு நீளத்தில் மேல் தந்திகளை லூட்டின் உயரத்துக்கு ஏற்ற முடியாது, எவ்வளவு மெல்லிய நரம்பு போட்டாலும் அறுந்துவிடும் (மெல்லியதாக்கினால் தாங்கும் சக்தியும் அதே அளவு குறைகிறது, அதனால் தடிமனை மாற்றி இங்கே தப்பிக்கவே முடியாது). ஆகவே முதல் இரண்டு தந்திகளை ஒரு ஸ்தாயி இறக்கிக் கட்டினார்கள். விளைவு என்ன என்றால், தியார்போவில் எல்லாவற்றையும்விட மேலே ஒலிப்பது மூன்றாவது தந்தி. துணைக்கு உட்கார இது அருமை. ஸ்வரங்கள் நெருக்கமாக அடுக்கி, தேன் கொட்டுகிற மாதிரி ஒரு ஓசை வரும். ஆனால் லூட்டில் நூறு வருஷமாக எழுதி வைத்த தனி உருப்படிகளை இதில் வாசிக்க உட்கார்ந்தால், மெலடி மேலே ஏற வேண்டிய இடத்தில் படக்கென்று கீழே விழும். தியார்போவுக்கென்றே தனியாக எழுதினால்தான் உண்டு. தியார்போ கலைஞர் காப்ஸ்பெர்கர் 1604-ல் வெனிஸில் அச்சிட்ட தொகுப்பு அப்படி எழுதியதுதான், பிரமாதமாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் அலெஸ்ஸாண்ட்ரோ பிச்சினினி வருகிறார். போலோன்யா ஊர்க்காரர், ஃபெராராவில் எஸ்தே பிரபுக்களின் அரண்மனையில் வாசித்தவர். 1623-ல் போலோன்யாவில் வெளியிட்ட தன் புத்தகத்தில், ஆர்ச்லூட்டைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தெளிவாக உரிமை கொண்டாடுகிறார். 1594-ல் பாதுவாவுக்குப் போய் செய்து பார்த்தாராம். முதலில் கழுத்தை விட்டுவிட்டு உடலையே நீட்டியிருக்கிறார். தந்திகளைத் தாங்கும் குதிரை எங்கேயோ தள்ளிப் போய்விட்டது, கை சரியான இடத்தில் விழவில்லை, ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம்தான் கழுத்தை நீட்டினார், பலித்தது. யார் முதலில் என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் வாதாடலாம், ஆனால் சரிப்படாமல் போன முதல் முயற்சியையும் சேர்த்து எழுதிவைத்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனி நம்பிக்கை.

ஆர்ச்லூட்டில் மெட்டுள்ள பகுதி 60-லிருந்து 70 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். சாதாரண லூட்டின் அளவுதான். அதனால் முதல் தந்தி உயரத்திலேயே நிற்கும், எதையும் இறக்க வேண்டாம். மெட்டுக்கு மேல் ஓடும் ஆறு தந்திகளும் பழைய லூட் சுருதிதான்: கீழிருந்து மேலே போனால் (ஸ-விலிருந்து எண்ணினால்) சுத்த மத்யம தூரம் இரண்டு தடவை, நடுவில் ஒரு அந்தர காந்தார தூரம், மறுபடி சுத்த மத்யம தூரம் இரண்டு தடவை. முதல் தந்தி ஒற்றை, மற்றவை ஜோடி. பிறகு வெளியே நீளக் கழுத்தில் ஏழோ எட்டோ தந்திகள், ஒவ்வொன்றும் முந்தியதற்கு ஒரு ஸ்வரம் கீழே என்று படிப்படியாக இறங்கும். நீளம் ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும். மொத்தம் 13 அல்லது 14. நூறு வருஷ லூட் உருப்படிகளையும் வாசிக்கலாம், கீழே உறுமவும் செய்யலாம். மேலும் கீழும் இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்துச் சாதித்த வாத்தியம் இது, இதைப் போய் சின்ன தியார்போ என்றால் எப்படி!

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தை வீணை வாசிப்பவர். ஒரு நாள் ஆர்ச்லூட் காணொளியை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.

"வெளில ஓடுற தந்தியை இடது கை தொடவே மாட்டேங்குதே, எதுக்குடா அத்தனை?"

"உங்க வீணையிலயும் பக்கத்துல மூணு தாளத்தந்தி இருக்கே அத்தை, அதை மட்டும் தொடுறீங்களா?"

"அது ச-ப-ச. சும்மா சுருதியும் தாளமும் காட்டறதுக்கு. இவர் கட்டை விரலாலே அதுல வேற ஒரு பாட்டே வாசிக்கறாரு பாரு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

நான் ஒரு பதிவு முழுக்க எழுத நினைத்ததை அத்தை ஒரே நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். தாளத்தந்தி ராகத்துக்கு ராகம் மாறாது. ஆர்ச்லூட்டின் வெளித் தந்திகளோ உருப்படியின் ஸ்கேல் எதுவோ அதற்குத் தக்கபடி மாறும். இது கொஞ்சம் ஏற வேண்டும், அது கொஞ்சம் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு உருப்படிக்கு முன்னும் பிரடையைத் திருகியாக வேண்டும். மெட்டே இல்லாத தந்தி, வாசிக்கும்போது நடுவில் திருத்த வழியே கிடையாது.

மெட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, இது கொஞ்சம் விலகிப் போகும், பரவாயில்லை. லூட்டில் மெட்டுகளும் நரம்புதான். கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டிருப்பார்கள், தேவைப்பட்டால் ஒரு இழை நகர்த்திக்கொள்ளலாம். எங்கே கட்ட வேண்டும் என்பதற்கு வின்சென்ஸோ கலிலேய் 1581-ல் ஒரு சுலபக் கணக்கு கொடுத்தார்: ஒவ்வொரு மெட்டுக்கும் மீதமுள்ள நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டாவது மெட்டில் ஸ்தாயி ஒரு மயிரிழை தவறும், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. இப்போது அதே சமயம் தஞ்சாவூரைப் பாருங்கள். ரகுநாத நாயக்கர் ஆட்சி 1600-லிருந்து 1634 வரை. ராகத்துக்குத் தகுந்தபடி மெட்டை மாற்றி வைக்கிற பழைய வீணையை விட்டு, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம் 24 மெட்டுகளை மெழுகில் நிரந்தரமாகப் பதித்து, எல்லா ராகத்தையும் ஒரே வீணையில் வாசிக்கும்படி ஆக்கியது அவர் அவையில்தான் என்பது நம் வீணை மரபு சொல்வது. பிச்சினினி தன் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்த 1623-ம் அதே ஆட்சிக் காலத்துக்குள்தான் வருகிறது. ஒருவருக்கொருவர் தெரியாது, தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டு ஊர்களிலும் ஒரே கேள்வி: ஒரே வாத்தியத்தில் எல்லாவற்றையும் எப்படி அடக்குவது? இங்கே மெட்டைக் கெட்டிப்படுத்தினார்கள், அங்கே கழுத்தை நீட்டினார்கள்.

சரி, இத்தாலிக்குத் திரும்புவோம். இதே குடும்பத்தில் இன்னும் சில பேர் உண்டு. லியூத்தோ அத்தியார்பாத்தோ என்று ஒன்று, கழுத்து நீட்டம் குறைவு, வெளித் தந்திகளும் ஜோடியாகவே இருக்கும், வெனிஸில் மத்தேயோ செல்லாஸ் பட்டறையிலிருந்து தந்தம் இழைத்து வந்தவை இப்போதும் அருங்காட்சியகங்களில் பளபளக்கின்றன. ஐந்து ஜோடித் தந்திகளோடு பரோக் கிட்டார் தனி வழியில் போனது. பிரான்ஸும் ஜெர்மனியும் சுருதியையே மாற்றி வேறொரு லூட்டுக்குப் போய்விட்டன. அது ஜெர்மன் லூட் கலைஞர் வைஸும் இசையமைப்பாளர் பாக்கும் எழுதிய உலகம், அதற்குத் தனியாக எழுத வேண்டும். இத்தாலிக்காரர்கள் மட்டும் பழைய சுருதியை விடாமல் ஆர்ச்லூட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பொற்காலம் 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, ஊர் ரோம். ரோமில் இருந்த வயலின் மேதை கொரெல்லியின் ட்ரியோ சொனாட்டாக்களில் (மூன்று இசை வரிகளுக்கு எழுதிய உருப்படிகள்) முதல் தொகுப்பு 1681, மூன்றாவது 1689. இரண்டின் முகப்பிலும் என்ன போட்டிருக்கிறது தெரியுமா: இரண்டு வயலின், அப்புறம் வியோலோனே (வில்லால் வாசிக்கும் பெரிய கீழ்ஸ்தாயி வாத்தியம்) அல்லது ஆர்ச்லூட், ஆர்கனுக்கு ஒரு பேஸ், அதாவது கீழ் வரி. அதாவது இன்றைக்கு நாம் செல்லோ வாசிக்கிறதாகக் கேட்டுப் பழகிய அந்த வரியை ஆர்ச்லூட் வாசிக்கலாம் என்று அச்சிலேயே இருக்கிறது. சும்மா பின்னணிக்கு உட்காரவில்லை, வயலின்களோடு மூன்றாவது ஆளாகச் சேர்ந்து ஓட வேண்டும். இதைத் தியார்போவில் செய்யலாம்தான், ஆனால் விரல் தூரம் அதிகம், வேகமான ஓட்டங்களில் கஷ்டப்படும். ரோமில் அந்தக் காலத்துச் சுருதியும் இன்றையதைவிடச் சுமார் ஒரு முழு ஸ்வரம் கீழே, அதனால் கொஞ்சம் பெரிய ஆர்ச்லூட் கட்டினாலும் முதல் தந்தி அறுந்துபோகாமல் தாங்கியது.

ஓசை எப்படி இருக்கும்? வைஸ் 1723-ல் எழுதிய ஒரு கடிதத்தில், தியார்போவையும் ஆர்ச்லூட்டையும் பெரும்பாலும் நகத்தால் வாசிக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கரடுமுரடாக இருக்கும் என்று முகம் சுளிக்கிறார். பிச்சினினியும் நகக் கட்சிதான். நகத்தால் மீட்டும் வீணையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒரு குறையாகவே படாது என்பது என் அபிப்பிராயம். வைஸ் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு, ரோம்காரர்கள் வயலின்களுக்கும் ஆர்கனுக்கும் நடுவில் கேட்டாக வேண்டும், நகம் இல்லாமல் எப்படி?

அந்தக் கடிதம் போனது ஜெர்மன் இசை எழுத்தாளர் மத்தேசோனுக்கு. லூட் வாசிப்பவர் 80 வயது வரை இருந்தால் அதில் 60 வருஷம் சுருதி சேர்ப்பதிலேயே போயிருக்கும் என்று 1713-ல் நக்கலடித்தவர் அவர். பிரடை எல்லாம் மரம், தந்தி எல்லாம் நரம்பு, காற்றில் ஈரம் ஏறினால் எல்லாம் நகரும். இங்கிலாந்தில் தாமஸ் மேஸ் 1676-ல் அதற்கு ஒரு வைத்தியம் சொன்னார்: பகலில் லூட்டைப் படுக்கையில், விரிப்புக்கும் போர்வைக்கும் நடுவில் வையுங்கள், தினமும் ஆள் படுக்கும் படுக்கையாக இருக்கட்டும், ஈரம் அண்டாது. கூடவே ஒரு எச்சரிக்கை: கவனிக்காமல் யாராவது அதன்மேல் தொப்பென்று விழுந்து நல்ல லூட்டுகள் நொறுங்கியிருக்கின்றன! செம்பூரில் ஜூலை மாசம் துவைத்த துணியே காய்வதில்லை, கதவு நிலையோடு பிடித்துக்கொள்கிறது. அத்தையின் வீணையே மழைக்காலத்தில் தினம் ஒரு சுருதி பேசும். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் மேல்பலகையும், அதே போல மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிய குடமும் உள்ள வாத்தியம் மும்பையில் என்ன பாடுபடும் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது. நரம்புக்குப் பதில் நைல்கட் என்று ஒரு செயற்கைத் தந்தி இப்போது வருகிறது, பலரும் அதற்கு மாறிவிட்டார்கள். நரம்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊர் வானிலையைப் பார்த்தால் நான் முதல் கட்சி.

ஆர்ச்லூட் ஏன் போயிற்று என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியாது. 1660-களிலேயே நரம்பின்மேல் உலோகக் கம்பி சுற்றிய தந்தி வந்துவிட்டது. சின்ன நீளத்திலேயே நல்ல பேஸ் கிடைக்க ஆரம்பித்ததும் நீளக் கழுத்துக்கான அடிப்படைக் காரணமே ஆட்டம் கண்டது. செல்லோ வளர்ந்தது, ஹார்ப்சிகார்டு ஏற்கெனவே இருந்தது, வாத்தியக் குழுக்கள் பெரிதாகின. ஆனாலும் உடனே போய்விடவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஜொவான்னி ஜம்போனி 1718-ல் லூக்காவில் தன் சொனாட்டாக்களை லூட் டேப்லச்சரில் (எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று காட்டும் குறியீட்டில்) அச்சிட்டார், இத்தாலியில் அப்படி அச்சான கடைசிப் புத்தகங்களில் ஒன்று அது, வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஆர்ச்லூட்டில்தான் வாசிக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் அங்கங்கே ஒன்றிரண்டு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் மெதுவாக மறைந்துபோனது.

கேட்க ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: விவால்டியின் ஆர்வி 93, டி மேஜர் லூட் கன்செர்ட்டோ. கிட்டாரில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், அதன் நடுப்பகுதி ரொம்பப் பிரபலம். அதையே ஆர்ச்லூட்டில் தேடிக் கேளுங்கள்; லூகா பியான்கா, பால் ஓ'டெட் இருவர் பெயரையும் போட்டால் ஆர்ச்லூட் பதிவுகள் நிறையக் கிடைக்கும். அப்புறம் கொரெல்லி மூன்றாவது தொகுப்பு, வயலின்களை மறந்துவிட்டு கீழ் வரியை மட்டும் பின்தொடருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், மும்பை ஹார்பர் லைன் ரயிலில் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். குர்லா வருவதற்குள் வெளித் தந்திகள் மொத்தமும் சக்கரச் சத்தத்தில் கரைந்துவிடும், மிச்சம் கிடைப்பது சாதாரண லூட்தான்.

வீட்டில் கிட்டார் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது தந்தியை அரை ஸ்வரம் இறக்குங்கள், மூன்றாவது மெட்டில் கேப்போ போடுங்கள், ஆர்ச்லூட்டின் மேல் ஆறு தந்திகளின் சுருதி அப்படியே வந்துவிடும். பிச்சினினியின் 1623 புத்தகத்தை டேப்லச்சரைப் பார்த்தே வாசிக்கலாம், இத்தாலிய முறையில் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள கோடுதான் முதல் தந்தி என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அதே புத்தகத்தில் கித்தரோனேவுக்கு எழுதியவையும் கலந்திருக்கும், அவற்றைத் தள்ளிவிட்டு லூட்டுக்கு என்று போட்டிருப்பதை எடுங்கள். வெளித் தந்திகளுக்கான ஸ்வரம் வரும் இடத்தில் ஒரு ஸ்தாயி மேலே வாசித்துச் சமாளிக்கலாம்.